வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு வாசல்

 

இன்றைய உரை நாய்களைப் பற்றியது. ஒரு மௌலவிக்கு இதில் என்ன வேலை என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் வாகனம் நிறுத்தும் இடங்களிலும், தவலந்தன்னைச் சந்தியிலும், புசல்லாவைக் கடைத்தெருவிலும் சற்று நேரம் நின்று பாருங்கள். விலா எலும்பு தெரிய அலையும் நாய்கள் அந்த வேலையை உங்களுக்கு எடுத்துச் சொல்லும். கண் திறந்தும் திறவாததுமான குட்டிகளைச் சாக்கிலோ பெட்டியிலோ இட்டு, இரவோடிரவாக வீதியோரத்திலும் சந்தையிலும் கோவில் வாசலிலும் பள்ளிவாசல் மதிலோரத்திலும் விட்டுச் செல்லும் வழக்கம் நம் நாடெங்கும் உண்டு. அவ்வாறு கைவிடப்படுபவற்றுள் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். ஆண் குட்டிக்கு எப்படியோ ஒரு வீடு கிடைத்துவிடும். பெட்டை வளர்ந்தால் குட்டி ஈனும் என்ற அச்சமே அதன் தலைவிதியை எழுதிவிடுகின்றது.

நம் பிள்ளைகளிற் சிலர் இத்தகைய குட்டிகளை எடுத்துப் பாலூட்டி, ஏதேனும் ஒரு பிராணிகள் காப்பகத்தில் சேர்க்க முயல்கின்றனர். பெற்றோரோ, நஜீஸைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வராதே என்று கடிந்து கொள்கின்றனர். இரு சாராரும் மஸ்அலா கேட்டு வருவதுண்டு. பிள்ளைகளின் இரக்கமும் பெற்றோரின் பேணுதலும் இரண்டுமே மார்க்கத்திலிருந்து வந்தவை. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கின்றேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இந்நாட்டில் நம்மில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அம்மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். ஈரத்துடன் அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாயும் காய்ந்திருந்து, தொட்ட கையும் காய்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டுவதில்லை. நாயைத் தொட்டதால் உழூ முறிவதும் இல்லை. மாலிக்கி மத்ஹபினர் நாயைச் சுத்தமான பிராணி என்றே கொள்கின்றனர். ஹனபிகள் உமிழ்நீரை மட்டும் அசுத்தம் என்பர். இவ்வளவு விசாலம் இருக்கையில், கையுறை அணிந்து, அதற்கென ஒரு பழைய ஆடையை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் முறைப்படி கழுவிவிட்டு வரும் பிள்ளையைக் குற்றவாளியைப் போல் நடத்துவதில் நியாயமில்லை. கழுவுவதற்கு மண்ணும் நீரும் நம் மலைகளில் குறைவா என்ன?

நஜீஸ் என்பது தொழுகைக்கும் சுத்தத்துக்கும் உரிய சட்டம். வெறுப்பதற்கும் வதைப்பதற்கும் அது அனுமதிப் பத்திரம் ஆகாது. அரபுக் கல்லூரியில் தயம்மும் பாடம் ஓதியவர்களுக்கு ஒரு மஸ்அலா நினைவிருக்கும். ஒருவரிடம் உழூச் செய்யப் போதுமான நீர் மட்டுமே இருக்கின்றது. பக்கத்தில் தாகத்தால் வாடும் ஓர் உயிர் நிற்கின்றது. அவர் நீரை அந்த உயிருக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்ய வேண்டும். தீங்கு செய்யாத நாயும் அவ்வாறு மதிக்கப்பட வேண்டிய உயிர்களுள் ஒன்றென்பதே வலுவான கருத்து. கடித்துக் குதறும் நாயை மட்டுமே புகஹாக்கள் அதிலிருந்து விலக்கினர். தொழுகைக்கான நீரையே நாய்க்கு விட்டுக்கொடுக்கச் சொல்லும் சட்டத்தை ஓதிவிட்டு, கடை வாசலில் படுத்திருக்கும் நாய் மீது சுடுநீர் ஊற்றுவோரைக் கண்டும் வாளாவிருந்தால் அந்த ஓதலின் பயன் யாது?

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்த மனிதருடைய சம்பவத்தை அறியாதார் நம்மில் இல்லை. ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதையும் அவ்வாறே. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இரக்கப்பட்டுப் பத்து நாய்களுக்குரிய இடத்தில் அறுபது நாய்களை அடைத்துவைத்துப் பட்டினி போடுபவரும் இரண்டாவது ஹதீஸின் எச்சரிக்கைக்கு உட்பட்டவரே. மீட்பது பாதி வேலை. மீட்கப்பட்ட நாய்க்கு ஒரு வீட்டைத் தேடிக்கொடுப்பதே எஞ்சிய பாதி. இவ்வுரையின் மையப்பொருள் அதுதான்.

இந்நாட்டின் கடந்த காலத்தைச் சற்று நினைவுகூர்வோம். 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் உள்ளூராட்சி மன்றங்களின் நடைமுறையாக இருந்தது. 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் உயிரிழந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டொன்றுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி மருந்து கிடைத்ததுமே இதற்குப் பிரதான காரணங்கள். கொன்ற இடத்தில் சில மாதங்களில் வேறு நாய்கள் வந்து நிரம்பிவிடும். அவை ஊசி ஏற்றப்படாதவையாகவும் இருக்கும். 2006ஆம் ஆண்டில் கொல்வதை நிறுத்தும் கொள்கையை அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆண்டிலிருந்து கொழும்பு மாநகரில் புளூ போ அறக்கட்டளையின் மிருக வைத்தியர்கள், மாநகர சபையோடு இணைந்து, நாய்களைப் பிடித்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, ஊசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே விடும் பணியை மேற்கொண்டனர். நமக்கு அண்மையில் கண்டியிலும் சம்பா பெர்னாண்டோ என்ற அம்மையார் முன்னின்று நிறுவிய அமைப்பு அதே வழியில் பணியாற்றி வந்துள்ளது.

வீடு தேடும் பணியில் முன்னோடியாகச் சொல்லத்தக்கது, ஒடேல் நிறுவனத்தை உருவாக்கிய ஒட்டாரா குணவர்தன 2007ஆம் ஆண்டில் ஆரம்பித்த எம்பார்க் அமைப்பு. அவர் செய்த காரியத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டு இன நாயை விலைகொடுத்து வாங்குவதே அந்தஸ்து என்று எண்ணியிருந்த நகரத்தவரின் மனத்தில், தெருவில் பிறந்த நம் நாட்டு நாயையும் பெருமையோடு வளர்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் விதைத்தார். நாய்ச் சின்னம் பொறித்த ஆடைகளையும் பொருட்களையும் விற்று, அவ்வருவாயைச் சிகிச்சைக்கும் கருத்தடைக்கும் வீடு தேடுவதற்கும் செலவிட்டார். நாட்டு நாய் நம் சீதோஷ்ணத்துக்குப் பழகியது, எளிதில் நோயுறாதது, விழிப்பானது. விற்பனைச் சாதுரியத்தை ஒரு நற்காரியத்துக்குத் திருப்பிய இம்முறையை நாமும் கவனித்துக் கற்க வேண்டும்.

காப்பகம் என்றால் என்ன என்பதைப் பலர் தவறாக விளங்கியுள்ளனர். அது நாய்களின் முதியோர் இல்லம் என்று எண்ணுகின்றனர். அது ஒரு தங்குமடம். ஒரு கணக்குப் பாருங்கள். நாற்பது நாய்களுக்கு இடமுள்ள காப்பகத்தில் ஒவ்வொரு நாயும் ஓராண்டு தங்கினால், ஆண்டுக்கு நாற்பது நாய்களுக்கே உதவ முடியும். ஒவ்வொன்றும் மூன்று மாதத்தில் வீடு சேர்ந்தால் அதே இடத்தில், அதே கூடுகளில், நூற்றறுபது நாய்கள் வாழ்வு பெறும். இடம் நிரம்பிய காப்பகத்தின் வாயிலில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து நிற்கும் பிள்ளைக்கு இல்லை என்ற பதில் கிடைப்பது, உள்ளே இருப்பவற்றுக்கு வீடு கிடைக்காமையால்தான். நெடுநாள் கூட்டில் அடைபட்ட நாய் ஓயாது குரைக்கவும், வட்டமிட்டுச் சுழலவும், மனிதரைக் கண்டால் ஒடுங்கவும் பழகிவிடுகின்றது. அவ்வாறு பழகிய நாயை எவரும் விரும்பி எடுப்பதில்லை. ஆகவே இன்னும் நெடுநாள் தங்குகின்றது.

அந்தச் சுழலை உடைக்கும் வழிகள் அனுபவத்தால் அறியப்பட்டவை. முதலாவதாக, நாயை வெளியே கொடுப்பதற்கு முன்னரே கருத்தடை செய்து, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி ஏற்றி, அட்டையில் பதிந்து கொடுத்தல். பெட்டைக் குட்டி வேண்டாம் என்போரின் ஒரே தடை இதனால் நீங்கிவிடுகின்றது. என் அறிவுக்கு எட்டியவரை, இந்நாட்டுக் காப்பகங்கள் செய்யக்கூடியவற்றுள் இதற்கு நிகரான வேறொன்றில்லை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னர்தான்.

அடுத்தது, ஒவ்வொரு நாயின் குணத்தையும் அறிந்து எழுதி வைத்தல். உணவு உண்ணும்போது யாரும் கிட்ட வந்தால் உறுமுகின்றதா, சிறுபிள்ளைகளோடு எவ்வாறு நடக்கின்றது, கோழியையும் ஆட்டையும் துரத்துகின்றதா, இடிமுழக்கத்துக்கு அஞ்சுகின்றதா என்பனவற்றைக் காப்பகத்தில் இருப்போரே அறிவர். கோழி வளர்ப்பவருக்குக் கோழி பிடிக்கும் நாயைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அது திரும்பி வரும், அல்லது வீதிக்குப் போகும். குறையை மறைக்காமல் சொல்லுதல் வியாபாரத்தில் மட்டுமன்றி இங்கும் கடமையே. ஈர தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் ஓதியிருக்கின்றோம்.

புகைப்படத்தையும் அற்பமாக எண்ணக்கூடாது. கம்பிக்குப் பின்னால் கண்கள் மின்ன நிற்கும் நாயின் படம் பார்ப்பவரை அச்சுறுத்தும். அதே நாயைக் காலை வெளிச்சத்தில் புல்வெளிக்குக் கொண்டுவந்து, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு மனிதர் பக்கத்தில் அமர்ந்திருக்கப் படம் எடுத்தால் அதன் உண்மையான இயல்பு தெரியும். கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் இன்று யார்? நள்ளிரவு வரை அதைத் தடவிக்கொண்டிருக்கும் விரல்களுக்கு இது ஒரு நல்ல வேலை.

தற்காலிக இல்லம் என்றொரு முறையும் உண்டு. நிரந்தர வீடு கிடைக்கும் வரை ஓரிரு வாரங்களோ மாதங்களோ ஒரு குடும்பம் நாயை வைத்துப் பராமரித்தல். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறு குட்டிகளுக்கு இது உயிர் காக்கும் உதவி. நெருக்கமான காப்பகத்தில் பார்வோ போன்ற தொற்று நோய்கள் குட்டிகளை விரைவில் மாய்த்துவிடும். எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றேன்.

கேட்டு வருபவரிடம் சில வினாக்கள் கேட்டாக வேண்டும். வீட்டில் யார் உணவளிப்பார்? பண்டிகைக் காலத்தில் கொழும்புக்கோ ஊருக்கோ போனால் யார் பார்ப்பார்? சங்கிலி எவ்வளவு நீளம்? இலயத்தில் வசிப்பவராயின் அயல் வீட்டார் சம்மதமா? எனினும் விசாரணை என்ற பெயரில் நீதிமன்றம் நடத்தவும் கூடாது. சில காப்பகத்தார் நீண்ட படிவங்களை நீட்டி, மதில் சூழ்ந்த பெரிய வீடு இருந்தால்தான் தருவோம் என்று ஏழைகளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். ஓர் அறை வீட்டில் வாழும் தோட்டத் தொழிலாளி தன் சோற்றைப் பகிர்ந்து வளர்க்கும் நாய் மாளிகை நாயை விடக் கொழுத்திருப்பதை நாம் காண்பதில்லையா? படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதுமானது.

கொடுத்த பின்னரும் தொடர்பு அறுந்துவிடலாகாது. புதிய வீட்டுக்கு வந்த நாய் முதல் மூன்று நாட்கள் ஒடுங்கிக் கிடக்கும், உண்ண மறுக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைப் பழகும். மூன்று மாதத்தில்தான் அது தன் வீடென்று உணரும். இப்பணியில் நெடுநாள் ஈடுபட்டோர் சொல்லும் பொதுவான கணக்கு இது. இதை முன்கூட்டியே சொல்லாமையால், இந்த நாய் சரியில்லை என்று இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவருவோர் பலர். உண்மையிலேயே ஒத்துவராவிட்டால் கடிந்து பேசாமல் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏசுவார்களே என்று அஞ்சுபவர், திரும்பக் கொண்டுவராமல் இறம்பொடைச் சுரங்கப்பாதைக்கு அப்பால் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

வெளிநாட்டவர் எடுத்துச் செல்வதும் உண்டு. ஆனால் ஐரோப்பிய நாடொன்றுக்கு ஒரு நாயை அனுப்பத் தடுப்பூசி ஏற்றி, முப்பது நாட்களின் பின் இரத்தப் பரிசோதனை செய்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவில் உள்ளூரில் எத்தனையோ நாய்களுக்குக் கருத்தடை செய்துவிடலாம். வீடுகளை நம் மலையிலேயே தேடுவதுதான் உசிதம்.

இப்போது நம்மவருக்கு வருவோம். தேவையின்றி நாய் வளர்ப்போரின் நன்மையில் தினந்தோறும் ஒரு கீராத் குறையும், மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத் குறையும் என ஹதீஸ் எச்சரிக்கின்றது. நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே கட்டிலில் படுக்கவைத்துக் கொஞ்சுவதற்காக நாய் எடுங்கள் என்று நான் கூற மாட்டேன். ஆனால் அதே ஹதீஸ்கள் வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிர்ச்செய்கைக்கும் விலக்களித்திருக்கின்றன. பயிர்ச்செய்கை பற்றிய பகுதியை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்ததைக் கேட்ட இப்னு உமர் (ரழி) அவர்கள், அவரிடம் விளைநிலம் இருந்ததைச் சுட்டிக்காட்டியதாக ஒரு குறிப்பு உண்டு; நிலம் உடையவர் அச்சட்டத்தை நன்கு மனனமிட்டிருப்பார் அல்லவா! வீட்டுக் காவலையும் இவற்றோடு ஒப்பிட்டு ஆகுமாக்குவதே ஷாபிஈ மத்ஹபில் ஏற்றமான கருத்து. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததை ஸூறத்துல் கஹ்ஃப் கூறுகின்றது. அது உள்ளே வராமல் வெளியே இருந்ததற்கு மலக்குகள் பற்றிய மேற்சொன்ன காரணத்தையே இமாம் இப்னு கஸீர் எடுத்துரைக்கின்றார்.

இறம்பொடையிலும் கொத்மலையிலும் நுவரெலியாவிலும் மரக்கறித் தோட்டம் செய்வோர் யார்? மாடு வளர்த்துப் பால் ஊற்றுவோர் யார்? லீக்ஸையும் கரட்டையும் உருளைக்கிழங்கையும் இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிண்டிப் போட, விடிந்ததும் தலையில் கைவைத்து நிற்பவர்கள் நம் சகோதரர்கள்தாமே. பன்றிக்கென வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தைகள் சிக்கி மாள்கின்றன. வெடியினால் மனிதருக்கும் ஆபத்து நேர்கின்றது. அங்கே ஒரு காவல் நாய் தேவை. அதற்கு ஷரீஅத் தெளிவாக இடமளித்திருக்கின்றது. அந்த நாயைக் காப்பகத்திலிருந்து எடுக்கலாமே!

இதில் இன்னுமொரு நன்மை உண்டு. நாயின் விலை தடுக்கப்பட்டது என்ற ஹதீஸின் அடிப்படையில், ஷாபிஈ மத்ஹபில் நாயை விற்பதும் வாங்குவதும் செல்லாது. பல்லாயிரம் ரூபா கொடுத்து இன நாய்க் குட்டி வாங்கும் நம்மவர் இதைக் கவனிப்பதில்லை. விலையின்றி ஒருவர் கைப்பொறுப்பிலிருந்து மற்றொருவர் கைப்பொறுப்புக்கு மாற்றிக்கொள்ளத் தடையில்லை. காப்பகத்தார் கொடுப்பது அவ்வாறுதான். ஊசிக்கும் சிகிச்சைக்குமான செலவுக்கென அவர்கள் கேட்கும் தொகையை நன்கொடையாக நிய்யத்து வைத்துக் கொடுங்கள். ஐயமிருப்பின் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஹனபி மத்ஹபில் பயன்தரும் நாயை விற்பது கூடும் என்பதையும் அவர்கள் சொல்வார்கள்.

நாயை எடுப்பவர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வீட்டுக்கு வெளியே, மழைச்சாரல் படாத இடத்தில், நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய பலகைக் கூடு. நம் பனிக்குளிருக்கு உள்ளே காய்ந்த சாக்கு. இரவில் கூட்டின் கதவு பூட்டப்பட வேண்டும். தோட்டப்புறங்களில் சிறுத்தை நாயைக் கவ்விச் செல்வது புதிதன்று. தனிப் பாத்திரம். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி. இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரசாங்க மிருக வைத்திய நிலையத்திலோ விசாரிக்கலாம். நாய் கடித்துவிட்டால், தன் நாயாயினும் சரி, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம். நோய் வெளிப்பட்ட பின் உயிர் தப்புவது மிக அரிது.

நாய் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத குடும்பங்கள் என்ன செய்வது? வீடு தேடுவதற்கு வீடு தர வேண்டும் என்பதில்லை. முச்சக்கரவண்டி வைத்திருப்பவர் ஒரு நாயைச் சத்திரசிகிச்சை முகாமுக்கு ஏற்றி இறக்கலாம். ஒரு பழைய தார்ப்பாயை விரித்துக்கொண்டால் வண்டிக்கும் நஜீஸ் ஒட்டாது. தச்சு வேலை தெரிந்தவர் கூடு செய்து கொடுக்கலாம். கோழிக்கடைக்காரர் வீசுகின்ற கழிவில் வேகவைத்துக் கொடுக்கத்தக்கதை ஒதுக்கி வைக்கலாம். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த பிள்ளை, நாயின் படத்தோடு நான்கு வரி எழுதி மரக்கறிச் சந்தையிலும் பால் சேகரிக்கும் நிலையத்திலும் ஒட்டலாம். ஒரு பெட்டைக்கான கருத்தடைச் செலவை நாலைந்து குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

1910ஆம் ஆண்டில் இஸ்தான்பூல் நகரின் பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, நீரும் நிழலும் அற்ற ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றின் ஊளைச் சத்தம் கடல் தாண்டிக் கரையில் கேட்டதாகச் சொல்வர். நாய்களுக்கு உணவும் நீரும் வைத்துப் பழகிய முஸ்லிம் நகரம் அது. அம்மக்களிற் பலர் இச்செயலால் உள்ளம் நொந்தனர். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர், ஆடை அணிந்தோர் பலரை விட நாய்கள் மேலானவை என்ற பொருள்படத் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நன்றி மறந்த நண்பர்களால் அவர் எவ்வளவு மனம் வெந்திருந்தாரோ!

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். பிள்ளை குட்டியொன்றைத் தூக்கி வந்தால் உடனே வீதியில் விட்டுவரச் சொல்லாதீர்கள். வெளியே ஒரு பெட்டியில் வைத்துப் பால்சோறு கொடுக்க அனுமதித்து, இரண்டு வாரத்துக்குள் இதற்கு ஒரு வீடு தேடிக் கொடு என்று பொறுப்பை ஒப்படையுங்கள். இளைஞர்களே, அந்த இரண்டு வாரத்தில் முதலில் மிருக வைத்தியரிடம் போங்கள். பிறகு படம் எடுங்கள். பிறகு மரக்கறித் தோட்டக்காரர்களையும் மாட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகப் போய்க் கேளுங்கள். கையைக் கழுவிவிட்டுத் தொழுகைக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள்.